மணல் கல்லாகும் கரை: இராமநாதபுரம் கடற்கரையில் மணற்பாறையைப் படிக்கத் தொடங்குவோருக்கான வழிகாட்டி

பாலைவனத்துச் செம்மணற்பாறைக் குன்றுகளைப் படங்களில் கண்டு, அவை எவ்வாறு உருவாயின, அவற்றில் எவை வாழ்கின்றன, மனிதர் அவற்றை எதற்குப் பயன்படுத்தினர் என்று அறிய விரும்பும் ஒருவர், அந்தக் கல்வியை இராமநாதபுரம் கடற்கரையிலேயே தொடங்கலாம். இங்கே வானளாவிய பாறைச் சுவர்கள் இல்லை; கரையோரப் பாறை பல இடங்களில் முழங்கால் உயரம்கூட இருப்பதில்லை. ஆனால் பாலைவனப் பாறையில் என்றோ நடந்து முடிந்தது இங்கே இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. காற்று மணலைக் குவிப்பதையும், மணல் இறுகிக் கல்லாகியிருப்பதையும், அந்தக் கல்லைக் கடல் மறுபடியும் உடைத்து மணலாக்குவதையும் ஒரு நாள் பயணத்துக்குள் அடங்கும் தொலைவில் பார்த்துவிடலாம். காற்று குவித்த செம்மணல் மேடுகளான தேரிகளைக் காண இன்னொரு நாள் போதும்.

இந்த வழிகாட்டியில் நான் வலியுறுத்துவது ஒன்றே. மணற்பாறையைப் பார்க்கும்போது மணலோடு நின்றுவிடாமல், மணல்மணிகளைப் பிணைத்திருக்கும் பொருள் எது என்று தேடுங்கள். கடலை உருண்டையில் கடலையைச் சேர்த்துப் பிடிப்பது பாகு. அந்தப் பாகு இல்லையென்றால் கையில் இருப்பது உதிரிக் கடலைதான். மணலுக்கும் அத்தகைய ஒரு பிணைப்பு வேண்டும். அது சுண்ணாம்பாக இருக்கலாம், இரும்புத் துருவாக இருக்கலாம், சிலிக்காவாகவும் இருக்கலாம். அந்தப் பிணைப்பை அடையாளம் கண்டுகொண்டவருக்குப் பாறையின் வரலாற்றில் பெரும்பகுதி பிடிபட்டுவிடும்.

புறப்படும் முன்

இந்த மாவட்டத்துக்கு இரண்டு கடல்கள் உண்டு. தெற்கே மன்னார் வளைகுடா. வடக்கே பாக் நீரிணை. அலை மோதும் தென்கடலை ஆண்கடல் என்றும், பெரும்பாலும் குளம் போல அடங்கிக் கிடக்கும் வடகடலைப் பெண்கடல் என்றும் பாம்பன், இராமேசுவரம் பகுதி மக்கள் சொல்வார்கள். ஆனால் எது எப்போது அடங்கும் என்பதைக் காற்றுதான் முடிவு செய்கிறது. ஆனி தொடங்கி ஆவணி வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வலுத்து வீசும்போது தென்கரையில் நின்று பாறையைப் பார்ப்பது கடினம். அப்போது வடகரைக்குச் செல்ல வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்றும் மழையும் வந்தபின் வடகடல் கொந்தளிக்கும். புதியவர்களுக்கு ஏற்ற காலம் தை முதல் பங்குனி வரை. அப்போது இரு கரைகளிலும் நடக்க முடியும், வலசை வந்த பறவைகளும் திரும்பிப் போயிருக்காது, வெயிலும் தாங்கக்கூடியதாக இருக்கும்.

நீர் வற்றும் நேரத்தை அறியாமல் போனால் பயணத்தின் பயன் பாதியாகிவிடும். இங்கே நீர் ஏறி இறங்கும் உயரம் ஒரு மீட்டருக்கும் குறைவு. ஆயினும் கரை மிகச் சாய்வாக இருப்பதால், அந்தச் சிறிய இறக்கத்திலேயே பல இடங்களில் அகலமான பாறைத் தளம் வெளியே தெரியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் வற்றம் கூடுதலாக இருக்கும். நாட்காட்டியில் அந்த நாட்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நேரத்தை மட்டும் அந்தந்த ஊர் மீனவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். வற்றத்தின் கடைசிக் கட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகப் பாறையில் இறங்கி, நீர் ஏறத் தொடங்கும்போது கரைக்குத் திரும்பிவிடுவது நல்ல ஒழுங்கு.

பாம்பனை ஒட்டிய சின்னப்பாலம் போன்ற ஊர்களில் கடற்பாசி எடுக்கும் பெண்களோடு பேசும் வாய்ப்புக் கிடைத்தால் அதைத் தவற விடாதீர்கள். மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் பாறையைப் பற்றி வளர்பவை; அவற்றைத் தேடி ஆண்டுக்கணக்கில் மூழ்கி எடுத்தவர்களுக்குப் பாறை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எது வழுக்கும், எது காலைக் கிழிக்கும் என்பதெல்லாம் தெரியும். எந்த வரைபடத்திலும் அந்த நுணுக்கம் கிடைக்காது. "அக்கா, இந்தப் பார் எதுவரைக்கும் போகுது?" என்று மரியாதையாகக் கேட்டால் விரிவான பதில் கிடைக்கும். கடலடிப் பாறைத் திட்டை இப்பகுதியினர் பார் என்றே சொல்கிறார்கள்.

எடுத்துச் செல்ல வேண்டியவை குறைவு: பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கைலென்ஸ், சிறு காந்தம், ஒரு சிறு புட்டியில் வினிகர், அளவுகோல், குறிப்பேடு, பென்சில், தடித்த அடிப்பாகம் கொண்ட காலணி, தொப்பி, போதுமான குடிநீர். திசைகாட்டி கைபேசியிலேயே இருக்கிறது. சுத்தியலும் உளியும் வேண்டாம்; இந்தக் கரையில் அவற்றைப் பயன்படுத்த வேண்டிய தேவையும் இல்லை, பல இடங்களில் அனுமதியும் இல்லை.

முதற்படி: ஒரு சிட்டிகை மணல்

தென்கரையில் ஓரிடத்திலும் வடகரையில் ஓரிடத்திலும் உள்ளங்கையில் சிறிது மணலை எடுத்துக் கைலென்சால் பாருங்கள். கண்ணாடித் துண்டு போல் ஒளி ஊடுருவும் மணிகள் குவார்ட்சு. இளஞ்சிவப்பாகவோ ஊதா கலந்தோ தெரிபவை பெரும்பாலும் கார்னெட். கறுப்பு மணிகளில் காந்தத்தோடு உடனே ஒட்டிக்கொள்பவை மாக்னடைட். இல்மனைட் அவ்வளவு வலுவாக ஒட்டாது. வெண்மையாக, ஒளி ஊடுருவாமல், சில சமயம் வரிகளோடு தெரிபவை சிப்பி, சங்கு, பவளம் ஆகியவற்றின் உடைசல்கள். முன்னவை மேற்கே உள்ள பழைய கருங்கல் பாறைகள் சிதைந்து ஆறுகள் வழியாகவும் கரையோர நீரோட்டம் வழியாகவும் வந்து சேர்ந்தவை. பின்னவை இந்தக் கடலிலேயே வாழ்ந்து மடிந்த உயிர்கள் விட்டுச் சென்றவை.

இப்போது ஒரு சொட்டு வினிகரை மணலில் விட்டுப் பாருங்கள். சுண்ணாம்புள்ள துகள்களைச் சுற்றி நுண்ணிய குமிழிகள் எழும்; குவார்ட்சு அசையாமல் கிடக்கும். இந்த ஒரு சோதனைதான் இனி வரும் எல்லாப் படிகளுக்கும் அடிப்படை. குமிழிகளின் அளவை வைத்துச் சுண்ணாம்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்று குத்துமதிப்பாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள். அலை ஓங்கும் கரையில் மணல் பருமனாகவும், அடங்கிய கரையில் நுண்ணியதாகவும் சேறு கலந்தும் இருப்பதையும் அதே நேரத்தில் உணர்ந்துவிடலாம்.

இரண்டாம் படி: மணல்மேட்டின் இரு சரிவுகள்

தனுஷ்கோடிச் சாலையின் இருபுறமும் உள்ள மணல்மேடுகள் இதற்குச் சிறந்த இடம். ஒரு மேட்டைத் தேர்ந்துகொண்டு அதைச் சுற்றி நடந்து பாருங்கள். காற்று வரும் பக்கம் சாய்வு மெதுவாக ஏறும். மறுபக்கம் செங்குத்தாக இறங்கும். மெதுவான சரிவில் மணிகள் துள்ளித் துள்ளி ஏறி, உச்சியைக் கடந்ததும் மறுபக்கம் சரிகின்றன. உலர்ந்த மணல் ஏறத்தாழ 33 பாகைக்கு மேல் நிற்காது. அதைத் தாண்டினால் சரிந்து, ஒரு புதிய மெல்லிய படலமாகப் படியும். இவ்வாறு படலத்தின் மேல் படலமாகச் சேர்ந்து மேடு காற்றின் திசையில் நகர்கிறது. இதைக் கண்ணால் காண விரும்புபவர் ஆடி மாதத்தில் அந்தச் சாலையோரம் அரை மணி நேரம் நின்றாலே போதும். மணல் சாலையைக் கடந்து போவது தெரியும். கண்ணுக்குக் கண்ணாடி அணிந்துகொள்வது அவசியம்.

சாய்ந்த படலங்கள் உள்ளே எப்படி இருக்கின்றன என்று பார்ப்பதற்கு மேட்டை வெட்டக் கூடாது. மழைக்குப் பின் ஈரமான மேட்டை அலையோ காற்றோ அரித்துவிட்ட இடங்களில் இயற்கையான வெட்டு கிடைக்கும். அதில் கறுப்பும் வெண்மையுமான கோடுகள் சாய்ந்து செல்வதைப் பார்ப்பீர்கள். கனமான கறுப்பு மணிகளைக் காற்று தனியாகப் பிரித்து அடுக்கியதால் வந்த கோடுகள் அவை. அந்தக் கோடுகள் எந்தப் பக்கம் இறங்குகின்றனவோ அந்தப் பக்கமாகத்தான் காற்று வீசியிருக்கிறது. திசைகாட்டியை வைத்து அளந்து, கச்சான் படிய வைத்ததா வாடை படிய வைத்ததா என்று நீங்களே முடிவு செய்யலாம். இந்தத் திறமை கைவந்துவிட்டால், உலகின் எந்தப் பாலைவன மணற்பாறையிலும் பழங்காலக் காற்றின் திசையைப் படிக்க முடியும். இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பயிற்சிக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் இதையே செய்யுங்கள் என்பேன்.

மேட்டை நிலைநிறுத்துபவை செடிகள். முள்போன்ற பந்துகளாக உருண்டோடும் இராவணன் மீசையும், ஊதாப் பூவோடு படரும் அடம்பும் முதலில் மணலைப் பிடிக்கின்றன. சங்கப் பாடல்களின் நெய்தல் நிலத்தில் அடும்பு என்று வருவதும் அந்தக் கொடிதான். அவற்றின் மேல் வாகனத்தை ஏற்றினால் மேடு மறுபடியும் அவிழ்ந்துவிடும்.

மணல்மேட்டின் இன்னொரு பண்பையும் கவனியுங்கள். தனுஷ்கோடியில் இருபுறமும் கடல் இருக்க, நடுவே மணலைச் சிறிது தோண்டியதும் குடிக்கத்தக்க ஊற்றுநீர் கிடைக்கிறது. மழைநீர் மணல்மணிகளின் இடைவெளிகளில் இறங்கி, அதைவிடக் கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்பதே காரணம். இடைவெளி நிறைந்த மணலும் மணற்பாறையும் நீரைத் தேக்கும் என்ற பாடத்தை இங்கே கையால் அள்ளிக் குடித்தே கற்கலாம். ஆனால் அந்த ஊற்று ஒரு குடும்பத்தின் குடிநீர் என்பதால், கேட்காமல் அதில் கை வைக்கக் கூடாது.

மூன்றாம் படி: கரைப்பாறை

மண்டபம், பாம்பன் பகுதிகளில் நீர் வற்றும்போது, கடலை நோக்கி மெல்லச் சாயும் பழுப்பு நிறப் பலகைகள் கரையோரமாக வெளியே தெரியும். இதுவே கரைப்பாறை. சிமெண்டுத் தளம் என்று எண்ணிப் பலர் கடந்து போய்விடுகிறார்கள். குனிந்து பார்த்தால், காலடியில் உள்ள உதிரி மணலில் நீங்கள் கண்ட அதே குவார்ட்சும் அதே சிப்பி உடைசலும் அதில் இறுகிக் கிடப்பது தெரியும்.

இது உருவாகும் விதம் வியப்பானது. நீர் ஏறி இறங்கும் பட்டையில் மணலின் இடைவெளிகளில் கடல்நீர் தங்குகிறது. வெயிலில் நீர் ஆவியாகும்போதும், நீரில் கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறும்போதும், சுண்ணாம்பு மணிகளுக்கிடையே ஊசி ஊசியாகப் படிகிறது. அரகோனைட் என்றும் மக்னீசியம் மிகுந்த கால்சைட் என்றும் சொல்லப்படும் இந்தப் படிகங்கள் மணிகளைப் பிணைத்துவிடுகின்றன. மலை உயரத்துக்குப் படிவுகள் அழுத்த வேண்டியதில்லை, கோடிக்கணக்கான ஆண்டுகளும் தேவையில்லை. உலகின் சில கடற்கரைகளில் கண்ணாடிப் புட்டிகள்கூடக் கரைப்பாறைக்குள் இறுகியிருக்கக் காணப்பட்டுள்ளன. அப்படியென்றால் சில பத்தாண்டுகளே போதுமானவை. பாறை என்றாலே அளவிட முடியாத பழமை என்று நாம் பள்ளியில் படித்து வந்த எண்ணத்தை இந்தப் பலகைகள் திருத்துகின்றன.

அதைப் படிக்கும் ஒழுங்கு இது. முதலில் பலகையின் சாய்வை அளவுங்கள். அது அருகிலுள்ள மணற்கரையின் சாய்வோடு ஏறத்தாழ ஒத்திருந்தால், மணற்கரை அப்படியே இறுகியது என்று கொள்ளலாம். அடுத்து, அடுக்குகளுக்கு இடையே மணியின் பருமன் மாறுகிறதா என்று பாருங்கள். பருமனான, சிப்பி நிறைந்த அடுக்கு அலை ஓங்கிய காலத்தைக் காட்டும். பிறகு விரிசல்களைக் கவனியுங்கள். கரைக்கு இணையாக ஓடும் விரிசல்கள் பெரும்பாலும் அடியிலுள்ள மணலை அலை அரித்துவிட, பலகை தன் எடையால் முறிந்ததால் வந்தவை. கடைசியாக, இந்தப் பாறை மணலுக்கு அடியில்தான் உருவாகிறது என்பதை நினைவில் கொள்ளுங்கள். அது இன்று வெளியே தெரிகிறது என்றால், மேலிருந்த மணல் போய்விட்டது. அதாவது அந்த இடத்தில் கரை பின்வாங்கியிருக்கிறது. கரைப்பாறையைக் கண்டதும் "இங்கே கடல் எவ்வளவு உள்ளே வந்திருக்கிறது?" என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேட்பது எனக்கு மிகவும் பயன்பட்டிருக்கிறது. பழைய கிணறு, மீனவரின் பழைய வாடி (கொட்டகை) இருந்த இடத்தைக் கைநீட்டிக் காட்டுவார்கள். சில வேளை அந்தக் கை கடலை நோக்கி நீளும்.

பிணைப்பைச் சோதிக்க, பாதுகாக்கப்பட்ட பகுதிக்கு வெளியே, கரையில் உதிர்ந்து கிடக்கும் விரல்நகம் அளவுத் துண்டு போதும். பவளம் அல்ல என்பதை உறுதி செய்துகொண்டு அதை வினிகரில் இட்டு, வினிகரை மாற்றி மாற்றிச் சில நாட்கள் விட்டால், துண்டு உதிர்ந்து அடியில் மணல் மட்டும் தங்கும். பிடித்திருந்தது சுண்ணாம்புதான் என்பதற்கு இதைவிட நேரடியான சான்று வேண்டியதில்லை.

நான்காம் படி: பவளக்கல்லைப் பிரித்தறிதல்

புதியவர்கள் அதிகமாகக் குழம்பும் இடம் இது. பாம்பன் தீவில், குறிப்பாக வடகரையில், இன்றைய நீர்மட்டத்துக்கு மேலே ஒரு பழைய பவளப்பாறைத் தளம் நிற்கிறது. கரைப்பாறையும் அதுவும் வினிகரில் ஒன்றுபோலவே குமிழிவிடும். நிறமும் சில இடங்களில் ஒன்றாகவே இருக்கும். வேறுபாட்டைக் கைலென்ஸ்தான் சொல்லும். பவளக்கல்லில் தனித்தனி மணிகள் இல்லை. நட்சத்திர வடிவக் குழிகளோ, மூளை மடிப்பு போன்ற வரிகளோ ஒழுங்காகப் பரவியிருக்கும். ஒவ்வொரு குழியும் ஒரு சிற்றுயிர் வாழ்ந்த அறை.

அந்தப் பவளம் எந்த நிலையில் இருக்கிறது என்று அடுத்துப் பாருங்கள். உருண்டைத் திரள் மேல்நோக்கி வளர்ந்த நிலையிலேயே நின்றால், அது அங்கேயே உயிரோடு இருந்தது. சாய்ந்தும் கவிழ்ந்தும் உடைந்தும் கிடந்தால், புயல் கொண்டுவந்து போட்டது. வளர்ந்த நிலையிலேயே நீருக்கு மேலே நிற்கும் பவளம் ஒரு பெரிய செய்தியைச் சொல்கிறது: பவளம் நீருக்கு வெளியே வளராது, ஆகவே அது வாழ்ந்தபோது கடல் அதற்கு மேலே இருந்தது. இந்தத் தளத்தின் மாதிரியைக் கரிமக் காலக்கணிப்புக்கு உட்படுத்தியபோது ஏறத்தாழ 4,000 ஆண்டுகள் என்று தெரியவந்தது. அக்காலத்தில் கடல்மட்டம் சற்று உயர்ந்திருந்தது என்பது ஒரு விளக்கம். நிலம் எழும்பியது என்பது மற்றொன்று. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ராபர்ட் புரூஸ் ஃபூட் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களின் நிலவியல் பற்றி 1883-இல் எழுதிய அறிக்கையில் இந்தக் கரையையும் விவரித்திருக்கிறார்.

பவளத்தைத் தொடும் முன் சட்டத்தையும் அறிந்திருங்கள். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் 2001 முதல் கடினப் பவளங்கள் இடம்பெற்றுள்ளன. இறந்த துண்டாக இருந்தாலும் எடுத்து வருவது குற்றமாகும். படம் எடுங்கள், அளவெடுங்கள், அங்கேயே விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: செம்மணல் தேரியும் பாலைவனப் பாறையும்

கரையோரமாகத் தென்மேற்கே தூத்துக்குடி மாவட்டத்தை நோக்கிச் செல்லச் செல்ல, வெண்மணல் மறைந்து செம்மணல் தேரிகள் தோன்றும். இவையும் காற்று குவித்த மேடுகளே. ஒரு சிட்டிகை எடுத்துக் கைலென்சால் பார்த்தால், மணி குவார்ட்சுதான் என்பதும், சிவப்பு அதன் மேல் பூசப்பட்ட மெல்லிய படலம் என்பதும் தெரியும். கார்னெட், இல்மனைட் போன்ற இரும்புள்ள கனிமங்கள் வெயிலிலும் ஈரத்திலும் சிதைந்து, வெளிவந்த இரும்பு துருவாகி மணிகளைப் போர்த்தியிருக்கிறது. வினிகர் பெரும்பாலும் இங்கே குமிழி எழுப்பாது. கரைப்பாறையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: அங்கே சுண்ணாம்பு மணலைப் பிடித்தது, இங்கே இரும்பு மணலுக்கு நிறம் தந்திருக்கிறது, ஆனால் கல்லாகும் அளவுக்கு இன்னும் பிடிக்கவில்லை.

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் சயான் பள்ளத்தாக்கின் இருபுறமும் எழும் நவாஹோ மணற்பாறைச் சுவர்களில் இந்த வேலை முடிந்துவிட்டது. ஜுராசிக் காலத்தின் தொடக்கப் பகுதியில், ஏறத்தாழ 18 முதல் 19 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு மாபெரும் மணற்பாலைவனத்தில் காற்று குவித்த மேடுகள் புதைந்து, நிலத்தடி நீர் கொண்டுவந்த சுண்ணாம்பும் சிலிக்காவும் இரும்பும் அவற்றைப் பிணைத்தன. பிறகு நிலம் உயர்ந்தபோது ஆறு அதை அறுத்து, நூற்றுக்கணக்கான மீட்டர் உயரச் சுவர்களாக்கியது. அந்தச் சுவர்களில் தெரியும் பிரம்மாண்டமான சாய்வுக் கோடுகள், தனுஷ்கோடி மேட்டில் நீங்கள் அளந்த அதே சரிவுப் படலங்கள்தான்.

ஆனால் சிவப்பைக் கண்டவுடன் பாலைவனம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. கருநாடகத்தின் பாதாமியில் சாளுக்கியர் குடைந்த குகைக்கோயில்கள் உள்ள செம்மணற்பாறைக் குன்று, பெரும்பாலும் பண்டை ஆறுகள் கொண்டுவந்து படிய வைத்த மணல். அங்குள்ள மூன்றாம் குகையின் கல்வெட்டு பொ.ஆ. 578-ஐச் சேர்ந்தது, பாறையோ அதைவிடப் பல கோடி ஆண்டுகள் பழையது. நம் தேரியும் பாலைவனத்தில் உருவானதல்ல. நிறம் இரும்பைப் பற்றிச் சொல்லும். காற்றா நீரா என்பதைச் சாய்வுக் கோடுகளும் மணியின் சீரான பருமனும்தான் சொல்ல வேண்டும்.

தேரி மண்ணின் மேற்பரப்பில் குவார்ட்சு, செர்ட் கற்களால் ஆன சிறு கருவிகள் கிடைக்கின்றன. திருநெல்வேலிச் சீமையின் தேரிகளில் ஃபூட் தொடங்கிவைத்த இந்தத் தேடலைப் பிற்காலத்தில் சாய்னர், ஆல்சின் என்ற ஆய்வாளர்கள் முறையாக ஆராய்ந்து 1956-இல் வெளியிட்டனர். அப்படி ஏதாவது கண்ணில் பட்டால் எடுக்காமல் இடத்தைக் குறித்துப் படமெடுத்து, இராமநாதபுரம் இராமலிங்க விலாசத்தில் உள்ள தொல்லியல் துறையின் அருங்காட்சியகத்தில் தெரிவியுங்கள். இடத்திலிருந்து பெயர்த்த கருவி, தான் சொல்ல வேண்டியதில் பெரும்பகுதியை இழந்துவிடுகிறது.

பாறையிலும் மணலிலும் வாழ்பவை

உயிர்களைப் பார்க்கும் எளிய வழி, கரையிலிருந்து கடலை நோக்கிப் பட்டை பட்டையாகப் பிரித்துப் பார்ப்பது. மணலும் முள்ளும் கலந்த மேட்டு நிலத்தில், குடைவேல மரங்களின் அடியில், விசிறித்தொண்டை ஓணான் ஓடும். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தன் தொண்டை விசிறியை விரித்துக் காட்டும். அதே நிலத்தில் சுருட்டை விரியனும் இருப்பதால், கல்லைக் கையால் புரட்டாதீர்கள், மாலைக்குப் பின் விளக்கின்றி நடக்காதீர்கள்.

கரைப்பாறையின் மேற்பகுதியில் எப்போதாவது மட்டுமே நனையும் இடத்தில் சிறு நத்தைகளும், அதற்குக் கீழே கொட்டலசுகளும் பாறைச் சிப்பிகளும் ஒட்டியிருக்கும். பாறையின் குழிகளில் தேங்கிய நீரில் கடற்சாமந்திகளும் சிறு மீன்களும் இருக்கும். சுண்ணாம்புப் பிணைப்பு மென்மையானது என்பதால், சில சிப்பிகளும் கடற்பஞ்சுகளும் பாறையைத் துளைத்தே குடியிருக்கின்றன. அந்தத் துளைகளும் பாறையை மணலாக்கும் வேலையில் ஒரு பங்கு. குழியில் கையை விடாதீர்கள். கூம்பு வடிவச் சங்கு உயிரோடு இருந்தால் அதன் கொட்டு ஆபத்தானது, கடல் முள்ளெலியின் முள் எளிதில் வெளியே வராது.

தனுஷ்கோடியின் ஆழமற்ற நீர்ப்பரப்புகளிலும், கோதண்டராமர் கோயிலை ஒட்டிய சேற்று நிலத்திலும் குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக நிற்கும். 2025 ஜூன் மாதத்தில் தமிழ்நாடு அரசு தனுஷ்கோடிப் பகுதியைப் பெரும்பூநாரைச் சரணாலயமாக அறிவித்தது. தனுஷ்கோடி நிலத்தின் கடைசி முனையான அரிச்சல்முனைக்கு அப்பால் இலங்கையை நோக்கி நீளும் மணல் தீடைகளில் ஆலாப் பறவைகள் முட்டையிடுகின்றன. தைக்கும் பங்குனிக்கும் இடையில் பங்குனி ஆமைகள் கரையேறும். அவற்றின் தடத்தைக் கண்டால் அதன் மேல் நடக்காமல் விலகிச் செல்லுங்கள்.

இராமேசுவரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையிலுள்ள தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்காவின் பகுதி. அங்கே பெயரளவில் 21 தீவுகள். இரண்டு நீரில் மூழ்கிவிட்டன. பவளப் பாறைகளைப் பல காலம் சுண்ணாம்புக்காக வெட்டி எடுத்ததும் அந்த இழப்புக்கு ஒரு காரணம் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. அலையைத் தடுத்து நின்ற கல்லை எடுத்துவிட்டால் மணலால் ஆன தீவு நிற்காது. தீவுகளுக்கு வனத்துறை ஏற்பாடு செய்யும் படகில், அனுமதிக்கப்பட்ட இடத்துக்கு மட்டுமே செல்ல வேண்டும்.

கல்லும் ஊர்களும்

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் இடையே கடலுக்குள் தட்டையான மணற்பாறைகளின் வரிசை ஒன்று கிடக்கிறது. பாலத்தின் மேலிருந்து தெளிந்த நாளில் பார்க்கலாம். தீவு ஒரு காலத்தில் நிலத்தோடு இணைந்திருந்தது என்றும், 1480-இல் வீசிய புயல் அதை உடைத்தது என்றும் கோயில் வழக்கு சொல்கிறது. படகுகள் கடந்து செல்வதற்காக 19-ஆம் நூற்றாண்டில் இந்தப் பாறை வரிசையை வெட்டி வழியை ஆழப்படுத்தினர். 1914-இல் திறக்கப்பட்ட இரயில் பாலமும், 1988-இல் வந்த சாலைப் பாலமும், 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட புதிய செங்குத்துத் தூக்குப் பாலமும் இதே குறுகிய இடத்தைத் தேர்ந்ததற்கு இங்கே கடல் ஆழமற்றிருப்பதும் காரணம்.

1964 டிசம்பர் 22, 23-ஆம் நாட்களின் புயலில் அழிந்த தனுஷ்கோடியின் தேவாலயச் சுவர்களைப் பார்க்கும்போது, கைலென்சை எடுத்துக் கொள்ளுங்கள். சுவரில் உள்ளவை பவளக்கற்கள்; நட்சத்திரக் குழிகள் அப்படியே தெரியும். ஊரார் தம் கையருகே கிடைத்த கல்லைக் கொண்டே கட்டியிருக்கிறார்கள். உப்புக்காற்றில் கல்லைவிடக் கல்லுக்கிடையே உள்ள காரை முதலில் உதிர்வதையும் அங்கே காணலாம். சுவர் பலவீனமாக இருப்பதால் சாயவோ ஏறவோ கூடாது. அரிச்சல்முனையில் நீரோட்டம் கடுமையானது என்பதால் கடலில் இறங்காமல், மாலைக்கு முன் திரும்பிவிடுங்கள்.

இன்னும் ஒரு நாள் கையில் இருந்தால், வைகை கடலை நெருங்கும் அழகன்குளத்துக்கும், கீழக்கரைக்கு அருகிலுள்ள பெரியபட்டினத்துக்கும் செல்லலாம். அழகன்குளத்தில் 1980-களின் பிற்பகுதியிலிருந்து நடந்த அகழாய்வுகளில் ரோமானியக் காசுகளும் உருளைச் சக்கரத்தால் கோலமிட்ட ரௌலட் வகைப் பானை ஓடுகளும் கிடைத்தன. பெரியபட்டினத்தில் சீனப் பீங்கான் ஓடுகள். ஆறு கொண்டுவரும் மணல் துறைமுகத்தைத் தூர்க்க, துறைமுகம் இடம் மாறும் என்ற எண்ணத்தோடு இவ்விரு ஊர்களின் நிலத்தையும் பார்த்தால், முதற்படியில் உள்ளங்கையில் எடுத்த மணலின் வேலை எவ்வளவு பெரியது என்று விளங்கும்.

குறிப்பேட்டை வைத்துக்கொள்ளும் முறை

ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, நாள், நேரம், நீர் வற்றியிருந்ததா ஏறியிருந்ததா, காற்றின் திசை, மணியின் பருமன், வினிகரில் குமிழி எழுந்ததா, படலத்தின் சாய்வு எந்தத் திசையில் எத்தனை பாகை என்பவற்றை எழுதுங்கள். படம் எடுக்கும்போது அளவுகோலையோ பென்சிலையோ பக்கத்தில் வைத்து எடுங்கள். அளவு தெரியாத பாறைப் படம் பின்னால் பயன்படாது. அசையாத ஒரு பொருளை, ஒரு பழைய சுவரையோ பனையையோ, ஒவ்வொரு படத்திலும் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே இடத்துக்கு வடகிழக்குப் பருவமழை முடிந்தபின் ஒரு முறையும், கச்சான் ஓய்ந்தபின் ஒரு முறையும் சென்று அதே கோணத்தில் படமெடுத்தால், கரைப்பாறை மேலும் வெளியே வந்திருக்கிறதா, மணல் மூடியிருக்கிறதா என்பதை அளந்தே சொல்ல முடியும். கண்டறிந்ததை அந்த ஊர் மீனவர்களிடமும், அருகிலுள்ள பள்ளியின் அறிவியல் ஆசிரியரிடமும் காட்டுங்கள். வற்ற நேரமும் பாரின் எல்லையும் உங்களுக்குச் சொன்னவர்களுக்கு அது போய்ச் சேர வேண்டும்.